மூன்று வைத்தியர்களும் மடித்துவைத்த இலைகளும்

கொன்றைமங்கலத்தில் அச்சுதகேசரி என்றொரு ராஜா இருந்தார். நாட்டை ஆண்ட நேரத்தைவிட இலைமுன் உட்கார்ந்த நேரம்தான் அவருக்கு அதிகம். ஒருநாள் வயிறு உப்பிக்கொண்டது. மூன்று ஊர்களிலிருந்து மூன்று பெரிய வைத்தியர்களை வரவழைத்தார்கள். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

முதல் வைத்தியர் நாடி பிடித்தார். “சோறுதான் விஷம். நெய்யும் பருப்புமாகச் சாப்பிடுங்கள்” என்றார்.

இரண்டாமவர் துள்ளினார். “நெய்தான் விஷம். சோறு எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம்.”

மூன்றாமவர் இருவரையும் பரிதாபமாகப் பார்த்தார். “அடுப்பில் ஏறிய எதுவுமே உணவில்லை. எல்லாம் பச்சையாகத்தான் தின்ன வேண்டும்.”

ராஜா மூவரையும் நம்பினார். அதனால் மூன்று நாளாக வெள்ளரிப்பிஞ்சை மட்டும் கடித்துக்கொண்டிருந்தார். பசி முற்றிக் கோபமாகி, அந்தக் கோபம் தலைமைச் சமையல்காரர் பூவலிங்கத்தின்மேல் பாய்ந்தது.

“நாளை மதியத்துக்குள் இந்த மூவரும் மறுப்புச் சொல்லாத ஒரு சாப்பாட்டைச் சமைத்துக் காட்டு. முடியாவிட்டால் குடும்பத்தோடு நாட்டை விட்டுப் போ.”

பூவலிங்கம் நேராக நல்லசிவனிடம் ஓடினார். அரசவையில் வாய்த்துடுக்குக்குப் பேர்போனவர் இந்த நல்லசிவன்.

“ஐயா, வெந்நீர் வெச்சாக்கூட மூணாவது ஆளு குத்தம் சொல்றாரு. தை மாசம் பொண்ணுக்குக் கல்யாணம். நான் எங்கே போவேன்?”

“வழக்கம்போல முழுச் சாப்பாடு சமை. நெய்யைத் தாராளமா ஊத்து. வாழைக்காய் வறுவலும் போடு.”

“என்னைத் துரத்தறதுல உங்களுக்கு ஏன் இவ்வளவு அவசரம்?” என்று பூவலிங்கம் அழாக்குறையாகக் கேட்டார்.

மறுநாள் நல்லசிவன் வைத்தியர்களை ஆளுக்கொரு அறையில் உட்காரவைத்தார். “சபை கூட நேரமாகும். அதுவரை பசியோடு எதற்கு இருக்க வேண்டும்? எல்லாம் இலையில் இருக்கிறது. வேண்டியதைச் சாப்பிடுங்கள். யாரும் உள்ளே வரமாட்டார்கள்” என்று சொல்லிக் கதவைச் சாத்தினார்.

சாப்பிட்டவர் தன் இலையை மடித்துவிட்டு எழுவது அந்த நாட்டு வழக்கம். மடித்த இலையைப் பிரித்துப் பார்ப்பதோ படு அநாகரிகம். வைத்தியர்களின் தைரியமே அதுதான்.

சபை கூடியது. நல்லசிவன் மூன்று தட்டுகளில் மூன்று மடித்த இலைகளோடு வந்தார். எல்லோரும் பார்க்க, ஒவ்வொன்றாகப் பிரித்தார். சபையே மூக்கைப் பொத்திக்கொண்டது.

சோறு கூடாது என்றவரின் இலையில் ஒரு பருக்கை மிச்சமில்லை. நெய் கூடாது என்றவர் நெய்யை வழித்த விரல் தடம் அப்படியே தெரிந்தது. மூன்றாமவர் வறுவலை ஒரு துணுக்கு விடாமல் முடித்திருந்தார். ஓரமாக வைத்திருந்த பச்சை வெள்ளரிப்பிஞ்சை மட்டும் தொடவே இல்லை.

“மூவருக்கும் ஒரே சாப்பாடு, ராஜா. ஒருவரும் மறுப்புச் சொல்லவில்லை. தாங்கள் சொன்னபடியே பூவலிங்கம் செய்துவிட்டார்” என்றார் நல்லசிவன்.

வைத்தியர்கள் கூரையைப் பார்த்தார்கள். பூவலிங்கம் நிம்மதியில் அழுதேவிட்டார். ராஜா அவரை மன்னித்தார். ஆனாலும் ராஜாவுக்கு ஒரு சந்தேகம்.

“இதே சாப்பாட்டைத்தானே நானும் முன்பு சாப்பிட்டேன்? இவர்கள் வயிறு உப்பவில்லையே?”

“இவர்கள் ஒரு தரம் பரிமாறியதைச் சாப்பிட்டதும் இலையை மடித்துவிட்டார்கள். தங்களுக்கு நாலாவது தரம் பரிமாறும்போது, கை வலிக்கிறதென்று பரிமாறுகிறவனையல்லவா மாற்ற வேண்டியிருக்கிறது?”

ராஜா தன் வயிற்றைக் குனிந்து பார்த்தார். பிறகு அது குலுங்கக் குலுங்கச் சிரித்தார்.

“சரி, இன்று முதல் என் இலையைப் பாதியாக வெட்டிப் போடுங்கள். நல்லசிவா, உனக்கு என்ன பரிசு வேண்டும்?”

“வெட்டிய மற்றப் பாதி போதும், ராஜா. பரிமாறிய பிறகு வெட்டச் சொல்லுங்கள்.”