பூவராகன் கொண்டுவந்த வெற்றோலை

முன்னொரு காலத்தில், அதாவது ராஜாக்களுக்கு மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு வேலை எதுவும் இல்லாதிருந்த காலத்தில், தர்மகேது என்றொரு ராஜா இருந்தார். ஒருநாள் அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது சமையற்காரர், "இன்னும் கொஞ்சம் சாதம் போடட்டுமா?" என்றார். காவலன் ஓடிவந்து, "மகாராஜா, வாசலில் இரண்டு பேர் சண்டை போடுகிறார்கள்" என்றான். "சத்தம் போடாதே, இப்போதுதான் குழந்தையைத் தொட்டிலில் போட்டேன்" என்று மகாராணி அவனை அதட்டினார். ராஜாவின் கவளம் பாதி வழியில் நின்றது.

"இந்த நாட்டில் எல்லாரும் எதையாவது போட்டுக்கொண்டே இருக்கிறார்களே, மொத்தம் எத்தனை போடலாம்?" என்று அவைக்கு வந்ததும் கேட்டார்.

அந்த அவையில் நீலகண்டக் கவிராயர் என்று ஒரு தலைமைப் புலவர். விகடகவி பூவராகனைக் கண்டாலே அவருக்கு ஆகாது. இவர் நூறு பாட்டுப் பாடினால் ராஜா கொட்டாவி விடுவார். அவன் ஒரு தும்மல் தும்மினால் விழுந்து விழுந்து சிரிப்பார். மனுஷனுக்கு வயிறு எரியாதா?

"அரசே, போடுவது அத்தனையையும் ஓலையில் தொகுக்கத் தகுந்தவர் பூவராகனே" என்றார் கவிராயர். "ஏழு நாள் தவணை அளியுங்கள். ஒன்றே ஒன்று விடுபட்டாலும் அவர் குடும்பத்தோடு நாட்டை விட்டு வெளியேற வேண்டும் என்று ஆணையிடுங்கள். அப்போதுதான் வேலை சுத்தமாக இருக்கும்."

உண்ட மயக்கத்தில் ராஜா தலையாட்டிவிட்டார். ஓலைக்காரர் உடனே எழுதிக்கொண்டார். அவர் எழுதாதது எதுவும் அங்கே செல்லாது. இன்று சொன்னதை நாளைக்கு இல்லையென்று சாதிக்கிறவர்கள் அந்த அவையில் அதிகம். அதனால், அவைக்கு வந்த ஓலையில் யார் என்ன குறை சொன்னாலும் அதை அந்த ஓலையிலேயே எழுதிச் சேர்த்த பிறகுதான் ராஜா தீர்ப்புச் சொல்வார். தாத்தா காலத்து வழக்கம், யாரும் மாற்றவில்லை.

பூவராகன் ஓலைக்கட்டைத் தூக்கிக்கொண்டு கிளம்பினான். வீட்டில் மனைவி செங்கமலம் ஏழு மாதப் பிள்ளைத்தாய்ச்சி. அவளை இழுத்துக்கொண்டு எந்த ஊரில் போய் நிற்பது? நான்கு நாள் தெருத்தெருவாக அலைந்து எழுதினான். கோழி முட்டை போட்டது, எழுதினான். எதிர்வீட்டுக்காரர் வெற்றிலை போட்டார், எழுதினான். வேஷம் போட்டவர், தாளம் போட்டவர், தான் உடைத்த பானைக்கு அடுத்தவர்மேல் பழி போட்டவர் என்று ஒருவரையும் விடவில்லை. ஓலை தீர்ந்தது, ஊரார் போடுவது தீரவில்லை.

ஐந்தாம் நாள் செங்கமலம் துணிமணிகளை மூட்டை கட்ட ஆரம்பித்தாள்.

"என்னடி பண்றே?"

"நீங்க எத்தனை எழுதினாலும் அந்த மனுஷன் இது இல்லே, அது இல்லேன்னு குறை சொல்லத்தானே போறாரு? கடைசி நேரத்துல அல்லாட வேணாம் பாருங்க."

"எங்க சொல்லுவாரு? அவையிலயா? வாயைத் திறந்தா?"

"பின்னே என் காதுலயா வந்து சொல்லுவாரு?"

பூவராகன் எழுதிய ஓலைகளையெல்லாம் அடுப்பில் செருகி, வெந்நீர் வைத்து, சுகமாகக் குளித்தான். இவருக்குப் புத்தி கலங்கிவிட்டது என்று செங்கமலம் மூட்டையை இன்னும் இறுக்கிக் கட்டினாள்.

ஏழாம் நாள் அவையில் ஒரே ஒரு ஓலையை நீட்டினான். அதில் ஓர் எழுத்துகூட இல்லை.

"வெற்றோலை!" என்று துள்ளினார் கவிராயர். "அரசே, இது அவையை அவமதிப்பது!"

"எது விடுபட்டது என்று கவிராயர் அருள்கூர்ந்து சொல்ல வேண்டும்" என்றான் பூவராகன்.

"எதுவா? பந்தல் போடுவது எங்கே? பாய் போடுவது எங்கே?"

ஓலைக்காரர் எழுதினார். கவிராயருக்கு உற்சாகம் பிறந்தது. தாழ்ப்பாள் போடுவது, கோலம் போடுவது, முடிச்சுப் போடுவது, முட்டுக்கட்டை போடுவது என்று அடுக்கினார். தொண்டை கட்டியதும் சீடர்கள் தொடர்ந்தார்கள். சாம்பிராணி போடுவது, கும்பிடு போடுவது, எடை போடுவது. பூவராகன் ஒவ்வொன்றுக்கும் "ஐயோ, விட்டுவிட்டேனே!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டான். அதையும் ஒரு சீடர் பாய்ந்து சொன்னார், அதுவும் ஏறியது. பொழுது சாய்வதற்குள் ஓலைக்கட்டு முழ உயரம் ஆகிவிட்டது.

பூவராகன் எழுந்து கைகூப்பினான். "அரசே, இவர்கள் இல்லையென்றது அத்தனையும் இப்போது என் ஓலையில் இருக்கிறது. இன்னும் எது இல்லை என்று கேட்டுத் தீர்ப்புச் சொல்லுங்கள்."

"சொல்லும் கவிராயரே" என்றார் ராஜா.

கவிராயர் வாயைத் திறந்தார். ஓலைக்காரரின் எழுத்தாணி தயாராக இருந்தது. வாயை மூடினார். மறுபடி திறந்தார், மறுபடி மூடினார். கடைசியில் பூவராகனை மடக்குவதற்கென்று ஏழு நாளாக நெஞ்சுக்குள் பூட்டிவைத்திருந்த ஒரு 'போடுவது' இன்னும் அவரிடம் இருந்தது. சொன்னால் எழுதிவிடுவார்கள், சொல்லாவிட்டால் அது இருந்தென்ன, இல்லாமல் என்ன? முகம் சிவந்து, மீசை துடித்து, கடைசியில் அவரால் அடக்க முடியவில்லை.

"அரசே! இந்தப் பாவி நமக்கெல்லாம் நாமம் போட்டுவிட்டான்!"

"நாமம் போடுதல்" என்று எழுதிக்கொண்டார் ஓலைக்காரர். "இருநூற்றுப் பதினான்கு."

ராஜா சிரித்த சிரிப்பில் கிரீடம் நழுவிக் காதில் நின்றது. ஓலையில் குறையில்லை என்று தீர்ப்புச் சொல்லி, தம் முத்துமாலையைக் கழற்றிப் பூவராகன் கழுத்தில் போட்டார்.

ஓலைக்காரர் தலை நிமிராமல் கேட்டார்: "மாலை போடுதல் இதில் இல்லையே, மகாராஜா. எழுதிக்கொள்ளட்டுமா?"

"எழுதும்" என்றார் ராஜா.

பூவராகன் மாலையோடு வீட்டுக்குள் நுழைந்தபோது செங்கமலம் மூட்டைமேல் உட்கார்ந்திருந்தாள். மாலையைப் பார்த்தாள், அவன் முகத்தைப் பார்த்தாள், எழுந்துபோய் இலை போட்டாள்.