அட்டைக்குத் தைத்த பை

பஸ் டிக்கெட் பதிவு செய்கிற கணினி ஒன்றுக்குள்ளே ஒரு வேலைக்காரக் கூட்டம் குடியிருந்தது. ஊரைத் தேடித் தர தேடி என்று ஒன்று, பஸ்களை நேரப்படி அடுக்க வரிசை என்று ஒன்று, சீட்டு அடிக்க அச்சு என்று ஒன்று. கொஞ்ச நாளாக எல்லாம் ஆமை வேகம். பயணி பட்டனை அழுத்திவிட்டு ஒரு டீ குடித்துவிட்டு வந்தாலும் திரையில் வட்டம்தான் சுற்றிக்கொண்டிருந்தது.

நிரல் எழுதுகிற பூங்கோதைக்குக் கடுப்பு தாங்கவில்லை. “எது சோம்பேறின்னு கண்டுபிடி. அதை அழிச்சிட்டுப் புதுசா எழுதிக்கிறேன்” என்று நேரமானியை உள்ளே அனுப்பினாள். யாருக்கு எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று அளந்து சொல்வதுதான் நேரமானியின் பிழைப்பு.

அது ஆளுக்கோர் அட்டை போடும். பேர், இடம், பிடித்த நேரம், அவ்வளவுதான். வரிசைக்குக் கிடைத்த அட்டை கொஞ்சம் ரோஷக்காரி. தன் முகத்தில் எழுதியது தப்பாக இருந்தால் ஒரு உயிர் போகும் என்று அவளுக்குத் தெரியும்.

நேரமானியோடு எண்ணிக்கை அண்ணாச்சியும் வந்திருந்தார். யாரை எத்தனை தடவை கூப்பிட்டார்கள் என்று எண்ணுவது அவர் வேலை. “எனக்குன்னு சொந்தமா எழுதிவைக்க ஒரு இடம் வேணும்வே” என்று ஒற்றைக்காலில் நின்றார். சரியென்று நேரமானி அட்டை வெட்டும்போதே ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு பை தைத்துக்கொடுத்தது. வரிசையின் பைக்குள் அண்ணாச்சி 40 என்று எழுதிப் போட்டார்.

“நாற்பது என்ன? தடவையா, நொடியா? பைமேல உங்க பேரையும் எழுதிடுங்க அண்ணாச்சி” என்று அட்டை கெஞ்சினாள்.

“எம் பைக்கு நான் எதுக்கும்மா பேரு எழுதணும்? எனக்குத் தெரியாதாக்கும்!”

அடுத்து மூச்சு வாங்க ஓடிவந்தாள் தாமதம். யார் எத்தனை நொடி வேலையில்லாமல் காத்துக்கிடந்தார்கள் என்று பார்ப்பவள். அவளே தாமதமாகத்தான் வந்தாள். “எனக்கும் ஒரு பை வேணுமுங்க” என்றாள்.

“அட்டை வெட்டுறதுக்கு முன்னாலேயே சொல்லியிருக்கணும். இனிமே தைக்க முடியாது” என்றது நேரமானி.

“அதனாலென்னுங்க, இதுல ஏற்கெனவே ஒண்ணு இருக்குதுங்களே!” வரிசையின் பைக்குள் கையை விட்டாள். “அடேங்கப்பா! நாப்பது நொடி சும்மாவே உக்காந்திருக்கு பாருங்க!”

அட்டை தலையில் அடித்துக்கொண்டாள். “ஐயோ, அது நொடி இல்லை! நாற்பது தடவை! அண்ணாச்சி போட்டது!”

“அண்ணாச்சி பேரு எழுதியிருக்குதுங்களா?”

“இல்லை...”

“அப்புறம் என்னுங்க? என்ற பையில என்ற சமாச்சாரந்தானே இருக்கும்?”

“என் முகத்தைப் பாரேன்டி! மூணு நொடின்னு கொட்டை எழுத்துல இருக்கே!” அட்டை கத்திக் கத்தித் தொண்டை வறண்டதுதான் மிச்சம். செவிடன் காதில் ஊதிய சங்கு. முகத்தில் மூன்று, பையில் நாற்பது, ஆக நாற்பத்து மூன்று என்று தாமதம் கூட்டி எழுதி மேலே அனுப்பிவிட்டாள்.

வரிசைக்கு ஒன்றும் புரியவில்லை. “நான் ஒரு நிமிஷம்கூட உக்காரலையே! நாப்பது தடவை கூப்பிட்டாங்க, நாப்பது தடவையும் ஓடினேனே!” என்று அழுதது. அட்டைக்கும் அழுகை வந்தது. அதற்குள் பூங்கோதை அறிக்கையைப் பார்த்துவிட்டாள். ஆத்திரக்காரருக்குப் புத்தி மட்டு. ஒரே அழுத்து. வரிசை நின்ற இடம் காலியாகிவிட்டது.

மறுநாள் காலை ஆறு மணி பஸ்ஸும் ராத்திரி பத்து மணி பஸ்ஸும் திரையில் தாறுமாறாகக் கலந்து நின்றன. வேகமாவது கூடியதா? அதுவும் இல்லை. தேடி இருபது நொடிக்கு ஒரு ஊராகத் தேடிக்கொண்டிருந்தது. அது நேரமானி அதன் அட்டையில் முதல் நாளே எழுதிவைத்த விஷயம்தான், யார் படித்தார்கள்?

பூங்கோதை அட்டைகளை அள்ளிப்போட்டு ஒவ்வொன்றாகப் பார்த்தாள். வரிசையின் அட்டை வந்தது. பைக்குள் 40.

“இது எதோட நாற்பது? யார் பை இது?” என்று கத்தினாள்.

“அந்த அம்மணி பைதான்” என்றார் அண்ணாச்சி.

“ஏனுங்க, அது அண்ணாச்சி பையுங்க!” என்றாள் தாமதம்.

அடுத்தவர் சொத்து என்று ஒன்று உண்டு என்பதை இரண்டு பேரும் அப்போதுதான் முதல்முதலாக ஒத்துக்கொண்டார்கள்.