சாம்பல் பூசிய பனி

கேளுங்கள். மேகங்கள் ஏறிவர மாட்டாத உயரத்தில், ஒரு காலத்தில், ஒரு பள்ளத்தாக்கு இருந்தது. மழை கிடையாது. மரம் கிடையாது. அடியில் ஆறு ஓடியது. அவ்வளவு ஆழத்திலிருந்து யார் தண்ணீர் இறைப்பது? மலைப்பனி உருகி வாய்க்காலில் வந்தால்தான் பார்லி விளையும்; விளைந்தால்தான் குளிர்காலத்தில் கஞ்சி.

வெயில் விழும் கரையில் தங்கை லாமோ வாழ்க்கைப்பட்டிருந்தாள். நிழல் கரையில் அக்கா பல்மோ.

வெயில் பட்ட பனிதானே முதலில் உருகும்? அதனால் வருஷா வருஷம் லாமோ வயல்தான் முந்தும். "அக்கா, எனக்கு முளைச்சாச்சு!" என்று அக்கரையிலிருந்து கூவுவாள். பல்மோ சிரித்துக் கையாட்டுவாள். வயிறு மட்டும் அடுப்பாக எரியும்.

ஒரு வருஷம் அவளால் தாங்க முடியவில்லை. சாம்பல் படிந்த பனி சீக்கிரம் உருகும் என்பது அங்கே எல்லாருக்கும் தெரியும். கயிற்றுப் பாலம் தாண்டித் தங்கையிடம் போனாள்.

"உன் கூடையைக் கொஞ்சம் குடு லாமோ, எரு அள்ளணும்."

"எடுத்துக்கோக்கா. ரெண்டு வேணுமா?"

அந்தத் தாராளமும் பல்மோவுக்குக் கசந்தது.

முதல் நாள் தன் கரை மலையேறிப் பனிமேல் ஒரு கூடைச் சாம்பல் தூவினாள், வாய்க்கால் நனைந்தது. இரண்டாம் நாள் ஐந்து கூடை, வாய்க்கால் ஓடியது.

"போதும் பல்மோ," என்றான் அவள் கணவன் தொண்டுப். "நம்ம கதிர் நிழல்ல மெல்லத்தான் முத்தும். கடைசித் தண்ணிக்குப் பனி வேணும்."

"அவ கூவுறது உங்க காதுலயா விழுது?"

மூன்றாம் நாள் ஊர்ச் சாம்பலையெல்லாம் வாங்கிச் சரிவு முழுவதையும் கறுப்பாக்கினாள்.

அந்த வருஷம் அவள் வயல்தான் முந்தியது. "லாமோ! எனக்கு முளைச்சாச்சு!" என்று தொண்டை கிழியக் கூவினாள். அக்கரையில் லாமோ கைதட்டிச் சிரித்தாள். அதுவும் பல்மோவுக்குப் பிடிக்கவில்லை.

வெயில் கரையில் அறுப்பு முடிந்தது. நிழல் கரையில் அப்போதுதான் கதிர் பால் பிடித்தது. பல்மோ அண்ணாந்து பார்த்தாள்; மலை மொட்டைப் பாறையாக நின்றது. வாய்க்காலில் புழுதி பறந்தது. கதிரைக் கசக்கினால் வெறும் உமி.

குளிர் இறங்கிய அன்று லாமோ பாலம் தாண்டி வந்தாள். முதுகில் கூடை நிறையப் பார்லி.

"அன்னைக்கே ரெண்டு கூடை வேணுமான்னு கேட்டேனேக்கா. நீ வாங்கிட்டுப் போனதையும் குடு, நிரப்பிக் கொண்டாரேன்."

கறுத்துப்போன கூடையைப் பல்மோ தலைகுனிந்து நீட்டினாள். லாமோ அதைப் பார்த்தாள், மலையைப் பார்த்தாள், முதுகிலிருந்த பார்லியை இறக்கிவைத்தாள்.

'அவளுக்கு இவ்வளவு விளைந்திருக்கிறதே' என்று பல்மோவின் வயிறு அப்போதும் ஒருதரம் எரிந்தது. அது தன் வீட்டுக் கஞ்சிக்கு வந்த பார்லி என்பது பிறகுதான் உறைத்தது. அழுதாள்.

அடுத்தவர் பருவத்தைப் பார்த்து எரிகிறவர், தன் பருவத்துக்கென்று இருப்பதைத் தன் கையாலேயே அழித்துக்கொள்வார்.