நரிக்குகைக்குப் பின்னால் தண்ணீர்

மூங்கில் காட்டில் கோடை வந்துவிட்டால் குட்டைகள் ஒவ்வொன்றாக வற்றிப்போகும். ஆனால் தண்ணீரைத் தேடி யாரும் அலைவதில்லை. போனைத் தட்டினால் போதும்! எந்தக் குட்டைக்குப் போக வேண்டும் என்று காட்டின் இணையப் பக்கம் சொல்லிவிடும்.

அந்தப் பக்கத்துக்கான சர்வர் பெட்டி ஒரு மரப்பொந்தில் இருந்தது. நாரை விடியற்காலையில் குட்டைகளைப் பார்த்துவிட்டு வந்து சொல்லும். தாவன் என்ற குரங்கு அதைக் கோப்பில் எழுதிப் பெட்டிக்குள் வைக்கும். யார் கேட்டாலும் அந்தக் கோப்பைத் திறந்து படித்து அனுப்புவது ஒரு கிளியின் வேலை. பெட்டிக்குப் பொறுப்பு தாவன் என்பதால் அதற்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

அன்று மருளி என்ற பெண்மான் போனைத் தட்டியது. அதன் குட்டி தாகத்தில் துவண்டு படுத்திருந்தது.

"அனுமதி இல்லை!" என்றது போன்.

மறுபடி தட்டியது. "அனுமதி இல்லை!"

மருளி குட்டியை எழுப்பிக்கொண்டு மரப்பொந்துக்கு ஓடியது. "தாவண்ணே! தண்ணி எங்கன்னே தெரியல! புள்ள துவண்டு போச்சு!"

"பதறாதம்மா! நான் இருக்கேன்ல!" என்று தாவன் பெட்டியை ஒருமுறை அணைத்துவிட்டு மறுபடி போட்டது.

"அனுமதி இல்லை!" என்றது கிளி.

"பெட்டி சூடாகியிருக்கும்" என்று கரடி தேக்கிலையால் விசிறியது. விசிறியபடியே பெட்டியை ஒரு நக்கு நக்கிப் பார்த்து, "தேன்கூட இல்லையே!" என்று குறை சொன்னது. காட்டுப்பன்றியோ, "வயர்லதான் கோளாறு!" என்று எல்லா வயரையும் பிடுங்கி மாற்றிச் சொருகியது. பெட்டி இருமியது, விளக்குகள் மினுக்கின.

"அனுமதி இல்லை! அனுமதி இல்லை!"

மருளிக்குப் பொறுமை போய்விட்டது. "எதுக்கு அனுமதி இல்லைன்னு அந்தக் கிளியையே கேட்டுத் தொலைங்களேன்!"

அதுவரை யாருக்கும் அது தோன்றவே இல்லை.

"அப்பாடா, இப்பவாவது கேட்டீங்களே!" என்றது கிளி. "பெட்டி நல்லாத்தான் இருக்கு. இன்னைக்குக் கோப்பு சிங்கராஜா பேர்ல இருக்கு. ராஜாவைத் தவிர யாரும் திறக்கக் கூடாதாம். நான் திறந்தா எனக்கு இறகு மிஞ்சுமா?"

எல்லாரும் தாவனைப் பார்த்தார்கள். தாவன் தலையைச் சொறிந்தது. ராஜா பெயரில் நுழைந்தால் பெட்டி ஒரு கேள்வியும் கேட்காது. அந்தச் சொகுசுக்கு ஆசைப்பட்டு, காலையில் ராஜா பெயரிலேயே நுழைந்து எழுதியிருந்தது அது!

"இவ்வளவுதானா! இதோ! இனிமே எல்லாரும் படிக்கலாம், எல்லாரும் எழுதலாம்!" என்று தாவன் கோப்பின் அனுமதியை மாற்றியது.

"எழுதவுமா? எனக்குப் படிச்சாப் போதும்ண்ணே!" என்றது கிளி.

"சும்மா இரு! வேலை முடிஞ்சுதா இல்லையா?"

புதருக்குப் பின்னால் இதைக் கேட்டுக்கொண்டிருந்த நரிக்கு வாயில் எச்சில் ஊறியது. உடனே தன் போனை எடுத்தது. நாரை சொன்னதை அழித்துவிட்டு இப்படி எழுதியது: 'இன்று தண்ணீர் நரிக்குகைக்குப் பின்னால். மான்குட்டிகள் முதலில் வரலாம்!'

பாவம் மருளி, அதை நம்பிக் குட்டியை நடத்திக்கொண்டு போனது.

"வாங்க, வாங்க!" என்று நரி வாசலிலேயே நின்று வரவேற்றது. "குட்டியை இப்படி விடுங்க. நீங்க அப்படி ஓரமா உக்காருங்க!"

குட்டி ஒரு அடி வைத்தது. நரி நாக்கைச் சுழற்றியது. அப்போது தரை அதிர்ந்தது!

இணையப் பக்கத்தைக் காடே படிக்கும் என்பதை அந்த மகா புத்திசாலி மறந்துவிட்டது. யானைகள் வந்தன. எருமைகள் வந்தன. கரடி குடத்தோடு வந்தது!

"எங்கடா தண்ணி?" என்று பெரிய யானை குகைக்குள் தும்பிக்கையை விட்டுத் துழாவியது. எருமைகள் கொல்லைப்புறத்தைத் தேடி, குகை மேலேயே ஏறின. கூரை பொலபொலவென்று உதிர்ந்தது. "ஐயோ, என் வீடு!" என்று அலறிக்கொண்டு நரி வாலைச் சுருட்டி எடுத்த ஓட்டம், காட்டின் எல்லையில்தான் நின்றது.

ஆனால் மான்குட்டி தாகத்தில் சுருண்டு விழுந்துவிட்டது. மருளி அழுதது.

யானைகள் பிளிறியது கேட்டு நாரை பறந்து வந்தது. "இங்க ஏன் வந்தீங்க? தாமரைக் குட்டைன்னுல்ல நான் சொன்னேன்!"

பெரிய யானை குட்டியைத் தும்பிக்கையில் தூக்கிக்கொண்டு தாமரைக் குட்டைக்கு ஓடியது. கூட்டத்தோடு வந்திருந்த தாவனும் குட்டி விழுந்து கிடந்ததைப் பார்த்தது. தலைக்கனம் போன இடம் தெரியவில்லை. மரப்பொந்துக்குத் தாவிப் போய், தன் சொந்தப் பெயரிலேயே நுழைந்து, தாமரைக் குட்டை என்று திருத்தி எழுதியது.

"கிளியம்மா! எழுத நான் மட்டும், படிக்க நீ. போதுமா?"

"அதைத்தானே அப்பவே சொன்னேன்!" என்ற கிளி, கோப்பைத் திறந்து காடு முழுக்க அனுப்பியது.

தாமரைக் குட்டையில் மான்குட்டி வயிறு புடைக்கக் குடித்தது. பிறகு எழுந்து நின்று ஒரு பெரிய விக்கல் விட்டது. மருளி அழுகையும் சிரிப்புமாக அதை நக்கிக் கொடுத்தது.

ஒருவருடைய வேலைக்கு எவ்வளவு அனுமதி வேண்டுமோ அவ்வளவே கொடுக்க வேண்டும். குறைத்தால் வேலை நின்றுபோகும், வாரி இறைத்தால் நரி உள்ளே வந்துவிடும்.