கொதிக்கிற தண்ணீரும் கொதித்த தண்ணீரும்

பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனால் பெற்றவர்களுக்குப் பரீட்சை வைப்பார்களா? புங்கங்காட்டில் வைத்தார்கள்!

அங்கே மயில் டீச்சர் ஓர் இங்கிலீஷ் பள்ளிக்கூடம் நடத்தியது. அந்த வருஷம் ஒரே ஓர் இடம்தான் பாக்கி. முயல் பூங்காவனம் தன் மகன் மொச்சையைக் கூட்டி வந்தது. நரி நல்லமுத்து தன் மகளைக் கூட்டி வந்தது. மொச்சை மூன்று நாளாகப் புதுப் பையை முதுகிலிருந்து கழற்றவே இல்லை. அதோடுதான் தூங்கியது.

"வீட்டில் சொல்லித் தரப்போவது நீங்கள்தானே? அதனால் கேள்வி உங்களுக்குத்தான்! பார்ட்டிசிபிள் என்றால் என்ன?" என்றது மயில்.

நரி துள்ளி எழுந்தது. பத்து நாளாக நோட்ஸ் வாங்கி உருப்போட்டிருந்தது. கண்ணை மூடி ஒரே மூச்சில் ஒப்பித்தது.

"வினைச்சொல்லோடு ஐ-என்-ஜி சேர்ந்தால் பிரசன்ட் பார்ட்டிசிபிள்! வினைச்சொல்லின் மூன்றாவது வடிவம் பாஸ்ட் பார்ட்டிசிபிள்! ஈட், ஏட், ஈட்டன்! கோ, வென்ட், கான்!"

"சரி. பாய்லிங் வாட்டர், பாய்ல்டு வாட்டர். ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?"

"வினைச்சொல்லோடு ஐ-என்-ஜி..." என்று நரி முதலிலிருந்து ஆரம்பித்தது, இன்னும் சத்தமாக!

மயில் முயல் பக்கம் திரும்பியது. தெரியாது என்றால் இடம் போய்விடும். தெரிந்த மாதிரி உளறவும் முயலுக்கு வாய் வரவில்லை.

"டீச்சரம்மா, எனக்குத் தெரியலைங்க. பாய்லிங்னா என்னங்க?"

"கேள்வி கேட்டவங்ககிட்டயே கேள்வியா! பேசாம வீட்டுக்குப் போ தங்கச்சி!" என்று நரி சிரித்தது.

மயில் சிரிக்கவில்லை. "தண்ணி இப்போ கொதிச்சுக்கிட்டு இருக்குன்னு அர்த்தம்," என்றது.

"ஓ! அப்போ பாய்ல்டுன்னா கொதிச்சு முடிஞ்சதுங்களா? இவனுக்குச் சளி பிடிச்சா அதைத்தானே ஆற வச்சுக் குடுக்கிறேன்! ஒண்ணு நடந்துக்கிட்டு இருக்கு, இன்னொண்ணு நடந்து முடிஞ்சிடுச்சு. இவ்வளவுதானா?"

"இவ்வளவேதான்!"

நரிக்குப் பொறுக்கவில்லை. "அநியாயம்! தண்ணின்னா தண்ணிதான். ரெண்டும் ஒண்ணுதான்!"

மதியச் சாப்பாட்டுக்காக அடுப்பில் பானை தளபுளவென்று கொதித்துக்கொண்டிருந்தது. மயில் அதைக் காட்டியது.

"ஒப்பிச்சு ஒப்பிச்சுத் தொண்டை காஞ்சிருக்கும். அதுல ஒரு குவளை மொண்டு குடிங்க அண்ணே!"

ஆவி மூக்கில் அடித்ததுதான் தாமதம், நரி மூன்றடி பின்னால் தாவியது. "ஐயையோ, வேணாம்! ஆறினது இருந்தா குடுங்க!"

"பார்த்தீங்களா? பத்து நாள் படிச்சது இப்பத்தான் புரிஞ்சிருக்கு!" என்ற மயில், அந்த ஓர் இடத்தை மொச்சைக்கே கொடுத்தது.

உருப்போட்டவருக்கு வாய்தான் வலிக்கும். தெரியாததைத் தெரியாது என்று கேட்டவருக்குத்தான் பாடம் புரியும். நரிக்கு அது நன்றாக உறைத்தது. வாலைச் சுருட்டிக்கொண்டு முயலிடம் வந்தது.

"தங்கச்சி, அடுத்த வருஷத்துக்குள்ள எம்மவளுக்கு நீதான் சொல்லித் தரணும்."

"அதுக்கென்ன அண்ணே, தினமும் சாயங்காலம் கூட்டிட்டு வாங்க. ஆனா வரும்போது ரெண்டு பேரும் வயிறு நிறையச் சாப்பிட்டுட்டு வந்துடுங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்!"