எழுபதுக்கு எழுபது வாங்கிய ஒரு ரூபாய்

கோணம்பட்டிக்காரர்களுக்கு ஒரு நல்ல குணம் உண்டு. யார் எதைச் சொன்னாலும் அப்படியே செய்துவிடுவார்கள். சொன்னவர் அப்புறம் என்ன ஆனார் என்று மட்டும் விசாரிக்க மாட்டார்கள்.

அந்த ஊர் மாசிலாமணிக்கு முப்பத்தைந்து வயதாகியும் கல்யாணம் ஆகவில்லை. ஆள் நல்லவன். நாலு கறவை மாடு வைத்திருந்தான். குறை ஒன்றுதான். பெண் பார்க்கப் போகும் இடத்துக்கெல்லாம் அவனுடைய தாய்மாமன் சடையப்பனும் கூட வந்துவிடுவார். கடைசியாகப் போன வீட்டில், "உங்க வீடு மாதிரி நினைச்சுக்கங்க" என்று உபசாரம் சொன்னார்கள். சடையப்பன் உடனே எழுந்து அவர்களுடைய பீரோவை ஜன்னல் ஓரத்துக்கு நகர்த்தி வைத்தார். சம்பந்தம் அதோடு நின்றது.

இந்த முறை பூலாம்பாறையில் அங்கயற்கண்ணி என்ற பெண் சம்மதம் சொன்னாள். அவள் அப்பா வேலாயுதமும் தலையசைத்தார். பரிசம் போட நாள் குறித்தார்கள். வழியனுப்பும்போது வேலாயுதம் ஒரு விஷயம் சொன்னார்.

"பரிசப் பணம் ஆயிரத்தொண்ணு. தொகை சைபர்ல முடியக் கூடாது, அதுக்குத்தான் அந்த ஒரு ரூபாய். நோட்டு எப்படி இருந்தாலும் பரவாயில்ல. ஒத்தை ரூபாய் மட்டும் யார் கையும் படாத புதுக்காசா இருந்தா நல்லது."

நண்பகலுக்குள் தட்டு மாற்றிவிட வேண்டும் என்றும் சொன்னார். நல்ல நேரம் தப்பினால் அந்தச் சம்பந்தத்தையே விட்டுவிடுவது அவர்கள் வீட்டு வழக்கமாம். 

ஊருக்கு வந்ததும் சடையப்பன், மாசிலாமணி, அவன் சிநேகிதன் பூவலிங்கம் மூவரும் மாட்டுக் கொட்டகையில் கூடி யோசித்தார்கள். சடையப்பன் தம் சட்டைப் பையிலிருந்த சில்லறையைக் கொட்டிப் பார்த்து, எல்லாம் கை பட்டவை என்று ஒதுக்கினார்.

"என் பையில ஒரு புதுக்காசு இருக்கு அண்ணே" என்று பூவலிங்கம் அதை எடுத்து நீட்டினான். பிறகு தன் விரல்களைப் பார்த்தான். "இப்பத்தான் கெட்டுப்போச்சு."

மறுநாள் டவுனுக்குப் போனார்கள். வங்கியில் காசாளர் அம்மாள் புத்தம் புதுக் காசாக ஒன்றை எடுத்துக் கொடுத்தார். கையால் கொடுத்தார். மூவரும் கும்பிட்டு வேண்டாம் என்றார்கள். அவரும் பொறுமையாக வேறொன்று எடுத்தார், அதையும் கையால். கடைசியில், கோயில் தெருவில் பழைய நாணயமும் கை படாத புதுக்காசும் விற்கும் கடை ஒன்று இருப்பதாகச் சொல்லி அனுப்பிவைத்தார். கடை பூட்டியிருந்தது. மறுநாள் காலையில்தான் திறப்பார்களாம். மறுநாள்தான் பரிசம். வீட்டுப் பெண்களை வேனில் நேரே பூலாம்பாறைக்கு வரச் சொல்லிவிட்டு, மூவரும் கடை வாசலிலேயே காத்திருந்தார்கள்.

கடைக்காரர் வெள்ளைக் கையுறை போட்டிருந்தார். அதைப் பார்த்ததும் சடையப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது.

கடைக்காரர் எடுத்து வைத்தது ஒரு தடித்த பிளாஸ்டிக் பெட்டி. உள்ளே ஒரு ரூபாய்க் காசு. மேலே ஒரு சீட்டு. அதில் எழுபது என்று போட்டிருந்தது.

"போன வருஷத்து ஒரு ரூபாய். வல்லுநருங்க பூதக்கண்ணாடி வச்சுப் பார்த்து, எழுபதுக்கு எழுபது மார்க் போட்டு, மூடி முத்திரை வச்சிருக்காங்க. விலை மூவாயிரம்."

பூவலிங்கம் தன் காசை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தான். அதுவும் போன வருஷத்துக் காசு. இரண்டும் ஒன்று போலத்தானே இருக்கிறது என்று கேட்டான்.

"காசு ஒண்ணுதான்" என்றார் கடைக்காரர். "ஆனா உங்க காசு பரீட்சை எழுதலையே."

மூவருக்கும் உடனே விளங்கிவிட்டது. அவர்களும் பரீட்சை எழுதாதவர்கள்தான். பெண்ணுக்குச் சேலை எடுக்க வைத்திருந்த மூவாயிரத்தைக் கொடுத்துப் பெட்டியை வாங்கினார்கள். கடைக்காரர் புத்திமதியும் சொன்னார். திறக்கக் கூடாது, திறந்தால் வெறும் ஒரு ரூபாய். வெயில், மழை படக் கூடாது. குலுக்கக் கூடாது.

பஸ் குலுக்கும். ஆகவே நடந்தார்கள். மாசிலாமணி இரண்டு கையிலும் துண்டை விரித்துப் பெட்டியை ஏந்திக்கொள்ள, சடையப்பன் அதற்குக் குடை பிடித்தார். பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. குடையைப் பெட்டிக்கு இன்னும் தாழ்வாகப் பிடித்தார்கள். பரிசத்துக்கென்று டவுனில் எடுத்துக் கட்டிய பட்டு வேட்டியோடு மாப்பிள்ளை தொப்பலாக நனைந்து, பெட்டி மட்டும் காய்ந்தபடி பூலாம்பாறைக்குள் நுழைந்ததை, அங்கயற்கண்ணி ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நண்பகலுக்குக் கொஞ்ச நேரமே இருந்தது. தட்டில் வெற்றிலை, பாக்கு, ஆயிரம் ரூபாய், பெட்டி. வேலாயுதம் விலையைக் கேட்டார். மூவாயிரம் என்றும், பூவலிங்கத்தின் போன வருஷத்துக் காசு பரீட்சை எழுதாதது என்றும் சடையப்பன் பெருமையாகச் சொன்னார்.

வேலாயுதம் மனத்துக்குள் கூட்டிப் பார்த்தார். முகம் மாறியது.

"ஆயிரமும் மூவாயிரமும் நாலாயிரம். சைபர்ல முடியுதே, சம்பந்தி."

 அப்படியானால் பெட்டியைத் திறந்துவிடுங்கள் என்றார் வேலாயுதம்.

"திறந்தா அது ஒரு ரூபாய்" என்றார் சடையப்பன். "மீதி ரெண்டாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தொம்பது எங்க போகும்?"

"காத்தோட போகும்."

"உங்க வீட்டுக்குள்ள திறந்தா உங்க வீட்டுலதானே விழும்?"

இது நியாயமான கேள்வி என்று வந்திருந்தவர்கள் நினைத்தார்கள். பூவலிங்கம் எழுந்து ஜன்னல்களை ஒவ்வொன்றாகச் சாத்தினான். பணம் எந்தப் பக்கம் போனாலும் கூடத்தைத் தாண்டாதே.

யாரோ கடைக்காரருக்குப் போன் போட்டார்கள். காசு இப்போதும் மூவாயிரம்தானா என்று கேட்டார்கள். விற்றால் மூவாயிரம், திருப்பி வாங்கினால் எண்ணூறு என்று அவர் சொன்னார்.

சடையப்பன் பெட்டியை வருத்தத்தோடு பார்த்தார். "நம்மளோட நடந்து வந்ததுல இளைச்சுப்போச்சு" என்றார்.

"ஆயிரத்து எண்ணூறு" என்றார் வேலாயுதம். "இதுவும் சைபர்தான்."

மழை விட்டு வெயில் ஏற, நிழல் வாசற்படிக்குள் சுருங்கிக்கொண்டிருந்தது. மாசிலாமணி ஈர வேட்டியோடு மாமனைப் பார்த்தான்.

"மாமா, பீரோவை நகர்த்தின அன்னிக்கே நான் வாயைத் திறந்திருக்கணும்."

அப்போது உள்ளேயிருந்து அங்கயற்கண்ணி வந்தாள். கையில் அடுப்படி இடுக்கி. நேரே பூவலிங்கத்திடம் போனாள்.

"அண்ணே, நீங்களும் போன வருஷத்துக் காசு ஒண்ணு வச்சிருக்கீங்களாமே?"

அவன் உள்ளங்கையில் வைத்து நீட்டினான். அவள் அதை இடுக்கியால் எடுத்து, மஞ்சள் தண்ணீரில் முக்கி, தட்டில் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"குளிச்சு வந்தப்புறம் யார் கையும் படலப்பா. பெட்டி மூவாயிரமோ எண்ணூறோ, எப்படிக் கூட்டினாலும் இப்ப ஒண்ணுலதான் முடியும். தட்டை மாத்துங்க."

மாற்றினார்கள். நல்ல நேரம் மயிரிழையில் மிஞ்சியது. சேலை இல்லையே என்று அவள் அம்மா முணுமுணுத்தபோது, ஒரு ரூபாய்க்கு இவ்வளவு தூரம் குடை பிடித்து வந்த ஆள் என்னை நனைய விடமாட்டார் என்று அங்கயற்கண்ணி சொன்னாளாம்.

கதை இதோடு முடிந்திருக்கும். ஆனால் சடையப்பன் ஊருக்கு வந்தும் யோசித்துக்கொண்டே இருந்தார். சம்பந்தி வீட்டார் பெட்டியை மரியாதையாகத் திருப்பிக் கொடுத்துவிட்டிருந்தார்கள். வெளியே எடுத்தால் காசு ஒரு ரூபாய், பெட்டியோடு மூவாயிரம். அப்படியானால் மீதி விலை முழுக்கப் பெட்டிக்கும் சீட்டுக்கும்தான். காசு சும்மா உள்ளே உட்கார்ந்து இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறது. அவர் பெட்டியைப் பக்குவமாக உடைத்துக் காசை எடுத்து, அதற்கு ஒரு கடலை மிட்டாய் வாங்கித் தின்றார். பெட்டியைச் சீட்டோடு சேர்த்து ஒட்டிப் பத்திரப்படுத்தினார்.

கல்யாணத்தன்று மாப்பிள்ளை மணவறைக்கு வந்தபோது, கழுத்தில் மஞ்சள் கயிற்றில் அந்தப் பெட்டி தொங்கியது. சீட்டில் எழுபது என்று தெளிவாகத் தெரிந்தது. பெண் வீட்டார் ஒவ்வொருவராக வந்து படித்துவிட்டுப் போனார்கள். ஒரு பெரியவர், எங்கள் ஊரில் இதுவரை நாற்பதுக்கு மேல் மாப்பிள்ளை வந்ததில்லை என்றார்.

அங்கயற்கண்ணி மாலையை எடுத்தாள். சடையப்பன் குறுக்கே வந்தார்.

"மாலை போடும்மா, வேண்டாங்கல. ஆனா கை பட்டுடாம போடு. ஒரு மார்க் குறைஞ்சாலும் கடையில திருப்பி எடுத்துக்க மாட்டாங்க."

அவள் மாப்பிள்ளையைப் பார்த்தாள். அவன் அசையாமல், குலுங்காமல் நின்றுகொண்டிருந்தான். அவள் திரும்பி, கூட்டத்தில் தன் அம்மாவைத் தேடினாள்.

"அம்மா, அந்த இடுக்கியை எடுத்துட்டு வா. பெருசா பார்த்து எடு."