ஒரே கை ஓட்டிய கார்

கூத்தம்பட்டி பொங்கியண்ணனுக்கு ஐந்து பெண்கள். முதல் நான்கு பேருக்கும் கல்யாணம் ஆகிவிட்டது. ஒவ்வொரு கல்யாணத்துக்கு முன்பும் அவர் ஜாதகம் பார்த்தார், தோட்டம் பார்த்தார், கிணற்றில் தண்ணீர் பார்த்தார், தொழுவத்தில் மாட்டின் பல்லைக்கூடப் பிடித்துப் பார்த்தார். மாப்பிள்ளைக்குப் புத்தி இருக்கிறதா என்று பார்க்க மட்டும் நான்கு தடவையும் மறந்துபோனார்.

அந்த நான்கு மாப்பிள்ளைகள் செங்கோடன், நாச்சிமுத்து, ஒண்டியப்பன், மாரப்பன். அக்கா தங்கைகளைக் கட்டியவர்கள் என்பதால் ஒருவரை ஒருவர் ‘சகலை’ என்றுதான் கூப்பிடுவார்கள். ஒருவர் கூப்பிட்டால் மற்ற மூவரும் திரும்பிப் பார்ப்பார்கள். சில நாள் கூப்பிட்டவரும் திரும்பிப் பார்ப்பார்.

கடைசிப் பெண் வேணிக்கு மாப்பிள்ளை அமைந்தது. பெயர் நவநீதன். ஆனி மாதத்தின் கடைசி முகூர்த்தம், காலை எட்டு மணிக்குள் தாலி ஏற வேண்டும். தவறினால் ஆடி பிறந்துவிடும், பிறகு ஆவணி வரை வாயைத் திறக்க முடியாது. ஜாதகம் பொருந்தவில்லை என்று ஏற்கெனவே இரண்டு வருஷம் காத்திருந்த பெண் அவள். இன்னும் ஒரு நாள்கூடக் காத்திருப்பதாக இல்லை.

மாப்பிள்ளையைக் கோயிலிலிருந்து மண்டபத்துக்குக் காரில் அழைத்து வருவது மூத்த மருமகன்களின் வேலை. அது முறை. பொங்கியண்ணனுக்கு வேறு வழியில்லை.

வேணி நால்வரையும் பிடித்து நிறுத்தினாள். “மாமா, அவரை நேரத்துக்கு, முழுசாக் கொண்டு வந்து சேர்த்துடுங்க. உங்களைக் கையெடுத்துக் கும்பிடறேன்” என்றாள்.

“பயப்படாதே கண்ணு” என்றார் செங்கோடன். “பாதியாக் கொண்டு வர்றது எப்படீன்னு எங்களுக்குத் தெரியவே தெரியாது.”

கார் வேண்டுமே? நால்வரும் வண்டித் தரகர் குழந்தைவேலுவிடம் போனார்கள். வேப்ப மரத்தடியில் ஒரு வெள்ளைக் கார் நின்றது.

“இது என்ன வண்டிங்க?” என்று கேட்டார் செங்கோடன்.

“சுமாதா” என்றார் தரகர். அது ஒரு ஜப்பான் கம்பெனியின் பெயர்.

செங்கோடனுக்கு முகம் சிவந்தது. “சும்மா தான்னு யாருங்க கேட்டாங்க? நாங்க மானஸ்தருங்க. எதையும் சும்மா வாங்க மாட்டோம்.”

தரகர் பொறுமைசாலி. கம்பெனியின் சரித்திரத்தையே எடுத்துச் சொன்னார்.

“ஜப்பான்ல சுமாதான்னு ஒரு பெரியவருங்க. முதல்ல அவர் சைக்கிள் மணிதான் செஞ்சார். மணி கணீர்னு அடிச்சுது, ஆனா மாட்டறதுக்குச் சைக்கிள் இல்ல. அதனால சைக்கிள் செஞ்சார். மேடு ஏற முடியல, இன்ஜின் வெச்சார். மழை வந்துது, மேல கூரை போட்டார். கூரையைப் பார்த்ததும் சொந்தக்காரங்க வந்துட்டாங்க, பின்னாடி ஒரு சீட்டு போட்டார். அப்படி வளர்ந்ததுதானுங்க இந்தக் கார்.”

சகலைகள் மெய்மறந்து கேட்டார்கள். பிறகு காரைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். சீட்டுக்கு அடியில் பார்த்தார்கள். டிக்கியைத் திறந்து பார்த்தார்கள்.

“எல்லாம் சரிங்க” என்றார் மாரப்பன். “மணி எங்கே?”

மணி இல்லை. சரித்திரத்தில் முதலில் வந்ததே காணாமல் போயிருந்தது. சகலைகள் தரகரை மன்னித்து, சந்தையில் ஒரு மாட்டு மணி வாங்கி, காரின் முன்பக்கம் கட்டினார்கள். கம்பெனியின் மானத்தைக் காப்பாற்றிய திருப்தி நால்வருக்கும்.

காரை விலை பேசி வாங்கிப் புறப்படும்போது தரகர் ஒரு வார்த்தை சொன்னார். எல்லா வினையும் அந்த வார்த்தையில்தான் இருந்தது.

“ஒரே கை ஓட்டின வண்டிங்க. இதுவரைக்கும் கை மாறல. நீங்களும் கை மாறாம வெச்சிருந்தா இன்னும் பத்து வருஷத்துக்கு மவுசு குறையாது.”

ஒரே கை என்றால் ஒரே சொந்தக்காரரிடம் இருந்த வண்டி என்று அர்த்தம். உங்களுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். சகலைகளுக்கோ அன்றிரவு சோறு இறங்கவில்லை.

“ஒரே கையால ஓட்டியிருக்காங்க பாரு சகலை” என்றார் நாச்சிமுத்து. “எந்தக் கைன்னு கேக்காம வந்துட்டோமே!”

“நாம பாட்டுக்கு வேற கையை வெச்சுட்டா?”

“கை மாறிடும். மவுசு போயிடும்.”

மறுநாள் காலை, காரின் பழைய சொந்தக்காரரான மில் மேனேஜர் வரதராஜன் வீட்டு வாசலில் நால்வரும் நின்றார்கள். அவர் வேலையிலிருந்து ஓய்வுபெற்று நிம்மதியாகக் காப்பி குடித்துக்கொண்டிருந்தார்.

“ஐயா, அந்தக் காரை நீங்க எந்தக் கையால ஓட்டினீங்க?”

“நான் எங்கப்பா ஓட்டினேன்?” என்று சிரித்தார் அவர். “எனக்கு ஓட்டவே வராது. எல்லாம் என் வலது கை மருதாசலம்தான். இத்தனை வருஷம் அவன் ஒருத்தன்தான் தொட்டான்.”

மருதாசலம் அவருடைய டிரைவர். சகலைகளோ மேனேஜரின் வலது கையையே உற்றுப் பார்த்தார்கள். அது காப்பி டம்ளரைப் பிடித்திருந்தது. மாரப்பன் அதற்கு ஒரு கும்பிடு போட்டார்.

ஒண்டியப்பனுக்கு ஒரே ஒரு சந்தேகம் மிச்சம் இருந்தது. “அப்போ உங்க இடது கைக்கு என்ன பேருங்க?”

மேனேஜர் கதவைச் சாத்திக்கொண்டார்.

“இடது கைக்குப் பேரு வெக்கல போல” என்றார் ஒண்டியப்பன். “கேட்டதும் வருத்தப்பட்டுட்டார் பாவம்.”

இப்போது எல்லாம் விளங்கிவிட்டது. காரைத் தொட வேண்டியது வலது கை. அதன் பெயர் மருதாசலமாக இருக்க வேண்டும். நால்வரில் கார் ஓட்டத் தெரிந்தவர் செங்கோடன் மட்டும்தான் என்பதால், அவருடைய வலது கைக்குப் பெயர் சூட்டு விழா நடந்தது. சர்க்கரைப் பொங்கல் வைத்தார்கள். பெயரைக் காதில் மூன்று தடவை சொல்ல வேண்டும் என்ற இடத்தில் விழா நின்றுபோயிற்று.

“கைக்குக் காது எங்கே இருக்கு சகலை?”

வெகுநேரம் ஆலோசித்தார்கள். கட்டைவிரல் மற்ற விரல்களோடு சேராமல் தனியாக, காது மாதிரி ஒதுங்கி நிற்கிறது என்று மாரப்பன் கண்டுபிடித்தார். கட்டைவிரலில் சொன்னார்கள்.

கல்யாணக் காலை விடிந்தது. கை மாறிவிடக் கூடாது என்று காரைக் கயிறு கட்டிக் கோயில் வரை இழுத்தே கொண்டு வந்திருந்தார்கள். கோயில் வாசலில் பட்டு வேட்டியும் மாலையுமாக நவநீதன் பின்சீட்டின் நடுவில் உட்கார்ந்தான். அவனுக்கு ஒருபுறம் நாச்சிமுத்து, மறுபுறம் ஒண்டியப்பன். முன்னால் மாரப்பன். ஸ்டியரிங்குக்கு முன் செங்கோடன். அவருடைய இடது கை தெரியாத்தனமாகக் குறுக்கே வந்துவிடாதபடி, ஒரு துண்டால் இடுப்போடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள்.

“அண்ணா, கையில அடிபட்டுடுச்சுங்களா?” என்று கேட்டான் நவநீதன்.

“இல்ல மாப்பிள்ளை. அதுக்கு இந்த வண்டியில உரிமை இல்ல.”

நவநீதன் மாலையைச் சரிசெய்துகொண்டான். புது மாப்பிள்ளை, எதையும் அதிகம் கேட்கக் கூடாது என்று வீட்டில் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

செங்கோடன் சாவியைத் திருகினார். இன்ஜின் உறுமியது. அப்போதுதான் நாச்சிமுத்துவுக்கு ஒன்று தோன்றியது.

“சகலை, கியர் இடது பக்கமல்ல இருக்குது?”

“மருதாசலம் எட்டிப் போடுவான்.”

“அவன் கியருக்குப் போயிட்டா ஸ்டியரிங்கை யார் பிடிக்கிறது?”

நால்வரும் யோசிக்க ஆரம்பித்தார்கள். வெளியே மேளக்காரர்கள் ஒரு பாட்டு முழுதும் வாசித்து முடித்தார்கள்.

“இப்படிச் செய்யலாம்” என்றார் மாரப்பன். “கிளம்பறப்போ ஒரு கியர் போட்டுடுவோம். போய்ச் சேர்ற வரைக்கும் அதைத் தொட வேண்டாம்.”

“எந்தக் கியர்?”

“எது முதல்ல விழுதோ அது.”

ரிவர்ஸ் விழுந்தது.

மேளம் காருக்கு முன்னால் போக வேண்டும் என்று பொங்கியண்ணன் உத்தரவு போட்டிருந்தார். மேளக்காரர்களும் முன்னால்தான் நின்றார்கள். கார் பின்னால் போய்விட்டது. நாகஸ்வரக்காரர் வாயிலிருந்து நாகஸ்வரத்தை எடுக்காமலேயே ஓடி வந்தார். தவில்காரர் ஓட்டத்துக்கு ஏற்றபடி தாளத்தை மாற்றிக்கொண்டார்.

“அண்ணா, வண்டி பின்னாடி போகுதுங்க!” என்று கத்தினான் நவநீதன்.

“மண்டபமும் பின்னாடிதானே மாப்பிள்ளை இருக்குது?” என்றார் செங்கோடன்.

உண்மைதான். கோயிலிலிருந்து நேர் ரோடு, கடைசியில் மண்டபம். கார்தான் வேறு பக்கம் பார்த்து நின்றிருந்தது.

“வண்டி கிழக்கே பார்த்து நிக்குதுங்க” என்று விளக்கினார் ஒண்டியப்பன். “ஜப்பானும் கிழக்கேதான். பொறந்த வீட்டுக்கு முதுகைக் காட்டாம வருது. நல்ல பழக்கம்.”

“அப்படீன்னாலும் கண்ணாடியைப் பார்த்து ஓட்டுங்க அண்ணா!”

செங்கோடன் கண்ணாடியைப் பார்த்தார். “பார்த்துட்டேன் மாப்பிள்ளை. பொட்டு கொஞ்சம் கலைஞ்சிருக்கு, மத்தபடி நல்லாத்தான் இருக்கேன்.”

பாதி வழியில் எதிரே சிமென்ட் லாரி ஒன்று வந்தது. எதிரே என்றால் காரின் முதுகுக்கு எதிரே. லாரி டிரைவர் தலையை வெளியே நீட்டி அலறினார். “லெஃப்ட்ல ஒடி! லெஃப்ட்ல ஒடிய்யா!” அவர் ஒடிக்கச் சொன்னது ஸ்டியரிங்கை.

இடதுபக்கம் உட்கார்ந்திருந்தவர் மாரப்பன். கையை வெளியே விட்டு, பக்கவாட்டுக் கண்ணாடியை மளுக்கென்று ஒடித்தார். “ஒடிச்சாச்சுங்க!”

“இன்னும் ஒடி!”

மாரப்பன் எக்கி வைப்பரையும் ஒடித்தார். “வேற எதுவும் கைக்கு எட்டலீங்க!”

லாரி டிரைவர் நல்ல மனிதர். தானே வயலில் இறங்கிவிட்டார்.

மண்டபத்தில் மணி ஏழே முக்கால். வாசலில் நின்ற பொங்கியண்ணன் தூரத்தில் காரின் முதுகைப் பார்த்தார். நெஞ்சில் கையை வைத்துக்கொண்டார்.

“ஐயோ, மாப்பிள்ளை திரும்பிப் போறாரே!”

செய்தி மேடைக்குப் போயிற்று. பெண்கள் ‘ஐயோ’ என்றார்கள். ஐயர் மந்திரத்தை நிறுத்தினார். வேணி மட்டும் கூரைப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வாசலுக்கு ஓடி வந்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள்.

“அப்பா, போற வண்டி சின்னதாகணும். இது பெருசாகுது. என் மாமனுங்க ஓட்டறாங்க, வேற ஒண்ணுமில்ல.”

அந்த மண்டபத்தின் வாசலில் இரண்டு கல்தூண்கள் உண்டு. ஆட்கள் நடந்து போகத்தான் வாசல். சுற்றிலும் உயரமான மதில். உள்ளே போக வேறு வழி கிடையாது. காரெல்லாம் வெளியே நிற்க வேண்டும்.

பின்கண்ணாடி வழியாக நாச்சிமுத்து வழி சொல்லிக்கொண்டிருந்தார். “வரலாம், வரலாம், வரலாம், வரலாம்…”

தடால்!

“வந்தாச்சு” என்றார் நாச்சிமுத்து.

காரின் பின்பாதி மண்டபத்துக்குள், முன்பாதி ரோட்டில். நடுவில் இரண்டு தூணும் சுமாதாவை இடுக்கிபோலப் பிடித்துக்கொண்டன. பின்கதவுகள் தூணில் இடித்தன, திறக்கவில்லை. முன்கதவுகள் திறந்தன. செங்கோடன் இறங்கி, சீட்டை மடக்கி, நவநீதனை முன்கதவு வழியாக இழுத்து வெளியே விட்டார். மற்ற சகலைகளும் அதே வழியில் இறங்கினார்கள்.

மாப்பிள்ளை இப்போது ரோட்டில் நின்றான். கல்யாணம் உள்ளே இருந்தது.

“முகூர்த்தம் முடியப்போறது!” என்று உள்ளேயிருந்து ஐயரின் குரல் கேட்டது.

சகலைகள் கூடிப் பேசினார்கள். ஒண்டியப்பன் மதிலை இடிக்கலாம் என்றார். மாரப்பன் கல்யாணத்தை ரோட்டுக்குக் கொண்டு வரலாம், அக்கினி குண்டத்தைத் தூக்க இரண்டு பேர் போதும் என்றார். நாச்சிமுத்து, காரை முன்னால் நகர்த்தினால் வழி கிடைக்கும் என்றார். எல்லாரும் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். அதற்குக் கியர் மாற்ற வேண்டுமே.

அதற்குள் உள்ளே டக்கென்று ஒரு சத்தம். டிக்கி திறந்தது. பின்சீட்டுக்கும் டிக்கிக்கும் நடுவில் தடுப்பு இல்லாத வண்டி அது. வேணி குனிந்து காருக்குள் பார்த்தாள். தலையில் பூ, நெற்றியில் பட்டம், கண்ணில் நெருப்பு.

“ஏனுங்க, நீங்க யார் பேச்சையும் கேக்காதீங்க. ஏறி இப்படி வாங்க!”

நவநீதன் மறுபடி ஏறினான். முன்சீட்டைத் தாண்டினான், பின்சீட்டைத் தாண்டினான், மாலை கியரில் மாட்டிப் பாதி உதிர்ந்தது. வேணி அவன் கையைப் பிடித்து டிக்கி வழியாக ஓர் இழுப்பு இழுத்தாள். மேடைக்கு ஓடினார்கள். எட்டு மணி அடிப்பதற்குள் தாலி ஏறியது. கெட்டி மேளம் ரோட்டிலிருந்து கேட்டது. மேளக்காரர்களுக்கு உள்ளே வர வழியில்லை.

பொங்கியண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். செங்கோடனும் துடைத்துக்கொண்டார். “ஜப்பான்காரன் எப்படி யோசிச்சிருக்கான் பாருங்க மாமா. பின்னாடி மாப்பிள்ளைக்குன்னே தனியா ஒரு கதவு வெச்சிருக்கான்!”

சாப்பாடு முடிந்தது. விருந்தாளிகள் வீட்டுக்குப் போக வேண்டும். வழி ஒன்றுதான். ஒவ்வொருவராக டிக்கியில் ஏறி, சீட்டுகளைத் தாண்டி, முன்கதவில் இறங்கினார்கள். செங்கோடன் ஸ்டியரிங்கைப் பிடித்து உட்கார்ந்தபடி, “பார்த்து இறங்குங்க, வண்டி முழுசா நின்னப்புறம் இறங்குங்க” என்று எல்லாருக்கும் சொன்னார். மாரப்பன் முன்கதவில் நின்று தாம்பூலப் பை கொடுத்தார். இரண்டு பேர் பஸ் ஸ்டாண்டுக்குப் போக வேண்டும் என்று பின்சீட்டிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். ஒண்டியப்பன் கொஞ்ச நேரம் கழித்து, “வந்தாச்சுங்க” என்று இறக்கிவிட்டார்.

“வண்டி எப்படிங்க, மைலேஜ் தருதா?” என்று கேட்டார் ஒரு விருந்தாளி, சீட்டுக்கு மேல் காலைத் தூக்கிப் போட்டபடி.

“காலையில இருந்து முந்நூறு பேர் ஏறி இறங்கியாச்சு” என்றார் செங்கோடன். “பெட்ரோல் முள்ளு அசையவே இல்ல.”

கடைசியாக மண்டபத்துச் சொந்தக்காரர் வந்தார். தூணைப் பார்த்தார், காரைப் பார்த்தார், திட்டுவதற்கு வாயைத் திறந்தார். பிறகு வரிசையைப் பார்த்தார். முண்டியடிக்காமல், சண்டை போடாமல், ஒருவர் பின் ஒருவராக, குனிந்து பணிவாகப் போய்க்கொண்டிருந்தார்கள் ஜனங்கள். மண்டபம் கட்டிய நாளிலிருந்து அப்படி ஒரு காட்சியை அவர் கண்டதில்லை. வாயை மூடிக்கொண்டு, செங்கோடனின் காதருகே குனிந்தார்.

“ஏனுங்க, பந்தி நடக்கிற ஹால் வாசலுக்கும் இதே மாதிரி ஒண்ணு கிடைக்குமா?”

செங்கோடன் நெற்றியைச் சுருக்கி யோசித்தார். “வாசல் எவ்வளவு அகலமுங்க?”

“நாலடி.”

“அப்போ சின்ன மாடல் போதும்.”